அம்மாவுக்கு நாற்காலி போடுங்கள், வேலையைப் பிடுங்காதீர்கள்

நவம்பர் கடைசி ஆனதும் மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்பட்டணங்களில் வீட்டுக்கு வீடு ஒரே கிறிஸ்துமஸ் பேச்சுதான். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பிள்ளை, "அம்மா, இந்த வருஷம் நீங்க ஒன்னும் செய்ய வேணாம், எல்லாத்தையும் கடையில வாங்கிக்குவோம்" என்று போனில் சொல்லும். அம்மா சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் காலையில் பசாரில் தேங்காய் விலை கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைக்குத் தெரியாமல் தனியாக எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பார். சூடுபடுவதும் வழுக்கி விழுவதும் இப்படி ஒளித்துச் செய்கிற வேலையில்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

அறுபது, எழுபது வயதுக்கு மேல் கிறிஸ்துமஸ் வேலையை முழுதாக விடவும் வேண்டாம், முழுதாகச் சுமக்கவும் வேண்டாம். கணக்கு எளிது. உட்கார்ந்து செய்கிற வேலையும் ருசி பார்க்கிற வேலையும் பெரியவர்களுடையது. ஏறுகிற வேலை, தூக்குகிற வேலை, கொதிக்கிற எண்ணெய் எல்லாம் இளையவர்களுடையது. இரண்டுக்கும் வராததைக் கடையில் வாங்கலாம். இதை முதலிலேயே பேசி முடிவு செய்யாத வீட்டில்தான் 23ஆம் தேதி சண்டை வருகிறது.

அச்சு முறுக்கையே எடுத்துக்கொள்வோம். அரைக் கிலோ அரிசி மாவு, ஒரு கைப்பிடி கோதுமை மாவு, கால் கிலோ சீனி, நான்கைந்து முட்டை, இரண்டு தேங்காயின் கெட்டிப்பால், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி எள். தேங்காய்ப்பாலை அன்று காலையிலேயே பிழிய வேண்டும். நம் வெயிலில் மத்தியானத்துக்குள் புளிப்பு தட்டிவிடும். பெட்டிப்பால் என்றால் அது கெட்டியாக இருக்கும், தண்ணீர் விட்டுத் தளர்த்த வேண்டும். சீனி முழுதாகக் கரைந்திருக்க வேண்டும். கரையாத சீனி சூட்டில் கருகி அச்சில் ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்த முறுக்கும் கழன்று வராது. மாவை வடிகட்டி அரை மணி நேரம் வைத்துவிட்டு, தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக, கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பதம் எந்தச் செய்முறைக் காணொளியிலும் சரியாக வராது. அது அம்மாவின் கண்ணிலும் விரலிலும் இருக்கிறது. இதுவரை உள்ள அத்தனையும் மேசை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணி மடித்துப் போட்டால் கலக்கும்போது நகராது, மணிக்கட்டுக்கும் பாரம் குறையும்.

அதற்குப் பிறகு வருவது கைவேலை. எண்ணெய் மூன்று அங்குல ஆழமாவது இருக்க வேண்டும். அச்சு அதிலேயே பத்து நிமிடம் கிடந்து சூடேற வேண்டும். சூடு போதாவிட்டால் மாவு அச்சில் பிடிக்காது. மிஞ்சினால் மாவு தொட்டவுடன் வெந்து வழுக்கிக் கிண்ணத்திலேயே விழுந்துவிடும். அச்சின் முக்கால் உயரம்தான் மாவில் முக்க வேண்டும். விளிம்புக்கு மேலே மாவு ஏறினால் அச்சையே மூடிக்கொள்ளும், கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எண்ணெயில் விட்டு ஓரம் கெட்டியானதும் இலேசாக உதறினால் பூ தனியாகக் கழன்று மிதக்கும். ஒவ்வொரு தடவையும் அச்சை மறுபடி எண்ணெயில் வைக்க வேண்டும், மாவை அடியிலிருந்து கிளற வேண்டும், ஏனென்றால் அரிசி மாவு கீழே தங்கிவிடும். ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அரைக் கிலோ மாவு முடிய ஒன்றரை, இரண்டு மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். எழுபது வயது முழங்காலுக்கு இது பெரிய தண்டனை. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, சூட்டில் நெடுநேரம் நின்றால் தலைசுற்றலும் வரும். பேரன் நிற்கட்டும். பாட்டி மேசையிலிருந்தே, "அச்ச இன்னும் கொஞ்ச நேரம் வையி ஐயா" என்று சொல்லட்டும்.

பாதுகாப்பு விஷயம் இரண்டு. கழுவிய அச்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் எண்ணெய் முகத்தில் தெறிக்கும்; துடைத்துக் காயவைத்த பிறகே இறக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கேஸை அடைத்து, சட்டியைப் பெரிய மூடியால் மூடி, அப்படியே விட்டுவிட வேண்டும்.

சுட்டதை டின்னில் போடுகிற வேலை மறுபடி பெரியவர்களுக்கு. முழுதாக ஆறவிடாமல் மூடினால் உள்ளே வேர்த்து நமுத்துவிடும். டிசம்பர் சாயங்கால மழையில் காற்றே ஈரம். தட்டில் பரப்பி வைத்துவிட்டுக் கேரல் பயிற்சிக்குப் போய் வந்தால் முறுக்கு வளைந்து நிற்கும். அடியில் காகிதம் விரித்து, இறுக்கமான டின்னில் அடுக்கினால் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். தேங்காய்ப்பால் சேர்ந்த பண்டம், அதற்கு மேல் சிக்கு வாடை வரும். அதனால் திருவருகைக் காலத்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத்து) மூன்றாவது ஞாயிறுக்கு முன்னால் அடுப்புப் பற்றவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கை முறுக்கையும் குழல் முறுக்கையும் கடையில் வாங்கிவிடலாம் என்பேன். முறுக்குக் குழலை அழுத்த மணிக்கட்டில் பலம் வேண்டும், மூட்டுவலிக்காரர்களுக்கு இரண்டு நாள் வலி நிற்காது. தாமானுக்கு (குடியிருப்புக்கு) ஒரு வீட்டிலாவது போத்தல் கணக்கில் சுட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள், தீபாவளிக்குச் சுட்ட கை இன்னும் சூடாகத்தான் இருக்கும். ஆனால் தீபாவளிக்கு அரைத்து மிஞ்சிய மாவை டிசம்பருக்கு வைத்திருந்தால் சலித்துப் பாருங்கள். வண்டு விழுந்திருக்கும்.

பழ கேக்கில் பெரியவர்களின் கை இன்னும் அதிகம். திராட்சையைத் தேர்ந்து காம்பு கிள்ளுவது, முந்திரி உடைப்பது, செர்ரியை நாலாக நறுக்குவது எல்லாம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே முடிகிற காரியம். பிராந்தியில் ஊறவைக்கிறவர்கள் நவம்பரிலேயே போட்டுவிடலாம். ஆரஞ்சுச் சாற்றிலோ கடுந்தேநீரிலோ ஊறவைத்தால் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், நொதித்துவிடும். அந்தக் கேக்கைக் கடைசி வாரத்தில் சுட்டுக் குளிர்பெட்டியிலேயே வைக்க வேண்டும். மலாய் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கிற பழக்கம் இருந்தால், மது சேராத கேக்கைத் தனிக் கிண்ணத்தில், தனித் தட்டில் செய்துவிடுவதுதான் மரியாதை. ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிற அண்டை வீட்டாரையும் மறக்கக் கூடாது. கார்த்திகை, மார்கழி விரதத்தில் முட்டை சேர்ந்த அச்சு முறுக்கும் கேக்கும் ஆகாது. வாங்கிய கை முறுக்கும் பழமும் அங்கே போகட்டும்.

கால் கிலோ வெண்ணெய், கால் கிலோ பழுப்புச் சீனி, ஐந்து முட்டை, முந்நூறு கிராம் மாவு, அரைக் கிலோ பழம் என்று போட்டால் எட்டு அங்குலத் தட்டுக்குச் சரியாக இருக்கும். தட்டில் இரட்டைக் காகிதம், 150 டிகிரி, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். பழம் அடியில் போய்த் தங்குகிறது என்றால் அது ஈரமாக இருந்திருக்கிறது. வடிகட்டி, அளந்து வைத்த மாவிலேயே ஒரு கரண்டி எடுத்துப் புரட்டிப் போட வேண்டும். நடுவில் குழி விழுந்தால் யாரோ அவசரப்பட்டு ஓவனைத் திறந்திருக்கிறார்கள். முட்டை சில்லென்று இருந்தால் வெண்ணெய் திரிந்துபோகும், ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். வெண்ணெயை நம் ஊர்ச் சூட்டில் அரை மணிக்கு மேல் வெளியே வைத்தால் உருகி, கேக் கனத்துவிடும். வெண்ணெயும் சீனியும் அடிக்கிறது மட்டும் மெஷின் வேலை. கையால் அடித்தால்தான் ருசி என்பது வீம்பு.

வீட்டுச் சுத்தம். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். பண்டிகைக்கு முன் திரைச்சீலை கழற்றுகிறேன் என்று பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறுவதை எந்த வயதானவரும் செய்யக் கூடாது. அந்த நாற்காலியின் கால் ஈரத் தரையில் விரியும். இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் ஆஸ்பத்திரியில்தான். திரைச்சீலையைக் கழற்றி மாட்டுவது பிள்ளைகள், கொக்கி பிரித்துக் கோர்ப்பது பெரியவர்கள். நட்சத்திரம் கட்டுவதும் அப்படியே. காலையில் போடுகிற இரத்த அழுத்த மாத்திரைக்கும் ஏணிக்கும் என்றைக்கும் ஒத்துவராது.

இயேசு பிறந்த காட்சியை அடுக்குகிற குடில் வேலை முழுக்கப் பெரியவர்களுடையதாகவே இருக்கட்டும், ஆனால் தரையில் வேண்டாம். தரையில் உட்கார்ந்து அடுக்கியவர் எழுந்திருக்க இன்னொருவர் வேண்டும். இடுப்பு உயர மேசையில் வைத்தால் நாற்காலியிலேயே முடியும். சுரூபங்களை, அதாவது குடில் பொம்மைகளை, போன வருடம் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தால் ஈரம் கோத்து வர்ணம் உரிந்திருக்கும். செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைப்பதே மேல். உடைந்த ஆட்டுக் காலை வெள்ளைப் பசை பிடித்துக்கொள்ளும். காய்ந்த லாலாங் புல் பரப்பினால் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். பழைய விளக்குச் சரத்தை மாட்டுவதற்கு முன் நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள், எலி கடித்திருந்தால் தூக்கி எறியுங்கள். புதிதாக வாங்கினால் பிளக்கிலும் அடாப்டரிலும் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாகக் கிடைப்பதில் பாதிக்கு அது இருக்காது. பாலன் இயேசு சுரூபத்தைத் தனியாக ஒரு டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள். 24ஆம் தேதி இரவு குடும்பமே தேடுகிற ஒரே பொருள் அதுதான்.

இனி மருந்து. அரசாங்கக் கிளினிக்கில் மருந்துச் சீட்டில் அடுத்த தேதி எழுதிக் கொடுப்பார்கள். அது கிறிஸ்துமஸ் வாரத்தில் விழுகிறதா என்று டிசம்பர் முதல் வாரத்திலேயே பாருங்கள். 25 நாடு முழுதும் பொது விடுமுறை. விழுந்தால் முன்கூட்டியே கவுண்டரில் கேட்டு வையுங்கள். இனிப்பு நீர்க்காரர்கள் ராத்திரி விருந்துக்காக மத்தியானச் சாப்பாட்டைத் தியாகம் செய்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிகிளாசைட் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. சாப்பிடாமல் மருந்து மட்டும் போனால் சீனி அளவு கீழே இறங்கி, கோயில் பெஞ்சிலேயே வேர்த்து மயக்கம் வரும். வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு, அதாவது கோயில் பூசைக்கு, போகாவிட்டால் ஏதோ குறை என்று பெரியவர்கள் நினைப்பதையும் மாற்ற வேண்டும். கிறிஸ்துமஸுக்குத் திருவிழிப்பு (24 சாயங்காலம்), நள்ளிரவு, விடியல், பகல் என்று நான்கு திருப்பலிகள் உண்டு. எதில் பங்கெடுத்தாலும் கடன் தீர்ந்தது. உங்கள் பங்குக் கோயிலில் 24 சாயங்காலத் திருப்பலி இருந்தால் கண் மங்கியவர்களுக்கும் மழையில் நடக்க முடியாதவர்களுக்கும் அதுவே நல்லது. படுக்கையில் இருக்கிறவர்களுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவரச் சொல்லி டிசம்பர் நடுவுக்குள் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பங்குச் சாமியாருக்கு எங்கும் போக நேரமிருக்காது. கேரல் குழு உங்கள் வரிசைக்கு என்றைக்கு வருகிறது என்பதையும் அப்போதே கேட்டு வைத்தால், நாயைக் கட்டி, அஞ்சடியில் (வாசல் தாழ்வாரத்தில்) விளக்குப் போட்டு, வெறுந்தேநீர் ஒரு பிளாஸ்க் வைத்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம். முப்பது பேருக்கு மீ கோரெங் கிளற வேண்டியதில்லை. பாட வந்தவர்களுக்குப் பத்து வீட்டில் ஏற்கெனவே வயிறு நிறைந்திருக்கும்.

துக்க வீடு என்றால் அந்த வருடம் பலகாரம் சுட மாட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவருக்குப் பண்டிகை நாளில் சமைத்த சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். டின்னில் முறுக்கு வைத்துவிட்டு வாசலோடு திரும்புவது போதாது. உட்கார்ந்து கூடச் சாப்பிடுங்கள்.

25 காலைத் தோசைக்கு ஆட்டிறைச்சிக் கறியை 23ஆம் தேதியே வைத்துவிடலாம், ஆனால் தேங்காய்ப்பால் சேர்க்காமல். அது அன்று காலை சுடவைக்கும்போது சேர்ந்தால் போதும். பெரிய சட்டியோடு குளிர்பெட்டியில் வைத்தால் நடுவில் சூடு ராத்திரி முழுக்க நிற்கும், அங்கேதான் கறி கெடும். ஆழமில்லாத சின்னப் பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். அந்தச் சட்டியைத் தூக்குவதும் இளையவர்கள்தான்.

அதற்கு இளையவர்கள் வீட்டில் இருக்க வேண்டுமே. 24 ராத்திரி பத்து மணிக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி வந்து சேர்கிறவருக்கு மிச்சமிருப்பது சாப்பிடுகிற வேலை மட்டும். பள்ளித் தவணை 2026 முதல் மறுபடி ஜனவரியில் தொடங்குவதால் டிசம்பரில் பிள்ளைகளுக்கு விடுமுறை இருக்கிறது. பெற்றோருக்கு லீவு கிடைக்காவிட்டால் பேரப்பிள்ளைகளையாவது முன்கூட்டியே இரயிலில் கூட்டி வந்து விட்டுப் போங்கள், பதினைந்து வயதுப் பையன் அச்சைப் பிடிக்கத் தாராளமாகப் போதும். வரும்போது ஒரு கை மிக்ஸர், அகலப் படி வைத்த உறுதியான ஏணி, புது விளக்குச் சரம் மூன்றும் கொண்டு வாருங்கள். கடையில் வாங்கிய குக்கீஸ் டின் வேண்டாம், அது அலமாரியில் போன வருடத்ததே இருக்கிறது.