சக்கரம் புல்லை விட்டால் மட்டும் போதாது

சிறு விமானம் ஓட்டுபவர்களில் சிலர், "புல் ஓடுதளத்தில் ஸ்டிக்கை (மூக்கை உயர்த்தித் தாழ்த்தும் கட்டுப்பாட்டுத் தண்டு) இழுத்துச் சீக்கிரம் எழும்பிவிட்டால் ஆபத்து முடிந்தது" என்பது பாதிதான் சரி. மூக்குச் சக்கரத்தின் பாரம் குறைய இழுக்கலாம். ஆனால் அந்தக் குறைந்த வேகத்தில் விமானம் மிதப்பதே தரையை ஒட்டி இழுவிசை குறைவதால்தான். இறக்கையின் நுனிக்கு நுனி நீளம் அளவுக்கு உயர்ந்தாலே அந்தச் சலுகை போய்விடும். மூக்கை இறக்காமல் ஏறினால் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) நேரலாம், கூடவே ஓர் இறக்கை சரியலாம். எழும்பியதும் மூக்கைத் தாழ்த்தி, சில அடி உயரத்திலேயே ஏறுவதற்குத் தேவையான வேகத்தைப் பிடியுங்கள்.

எழும்பத் தேவையான தூரமும் கூடும். ஈரப் புல்லுக்கு 30%, 2% மேட்டுச் சரிவுக்கு 10%. இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 300 மீட்டர் 429 ஆகிவிடும் (இஞ்சின் முழுச் சக்தி தந்தால்!). பாதி ஓடுதளத்தில் எழும்பும் வேகத்தின் 70% வரவில்லையா? த்ராட்டிலை (இஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) மூடி, எழும்பும் முயற்சியைக் கைவிட்டுவிடுங்கள்.