எட்ட நின்று பார்க்கச் சொன்னது யார்?

பெரிய ஓவியம் என்றால் நாலடி பின்னால் போய், தலையைச் சற்றுச் சாய்த்து, முழுவதையும் ஒரே பார்வையில் அடக்கிவிட வேண்டும் என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம்மிடம் படிந்துவிட்ட பழக்கம். 1951இல் நியூயார்க்கின் பெட்டி பார்சன்ஸ் கலைக்கூடத்தில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்த பார்னெட் நியூமன் இந்தப் பழக்கத்தை நன்கு அறிந்திருந்தார். அதனால், இங்குள்ள பெரிய படங்களைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பையே எழுதிவைத்தார். அங்கிருந்தவற்றுள் ஒன்று ஏறக்குறைய 8 அடி உயரமும் 18 அடி அகலமும் கொண்ட செந்நிறக் கேன்வாஸ்; மேலிருந்து கீழாக ஓடும் ஐந்து மெல்லிய கோடுகளைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. நெருங்கிப் போகப் போக அதன் விளிம்புகள் பார்வையிலிருந்து நழுவி, கண் போகும் இடமெல்லாம் சிவப்பாகவே இருக்கும்.

உருவங்களை விட்டு வண்ணத்தையும் கோட்டையும் கொண்டே உணர்வைச் சொல்ல முயன்ற, அருவ வெளிப்பாட்டியம் என்ற பெயரில் அறியப்படும் அந்தத் தலைமுறை ஓவியர்கள் கேன்வாஸைப் பெரிதாக்கியது பிரமிக்க வைப்பதற்காக என்றே பலரும் நினைக்கிறோம். அதே 1951இல் மார்க் ராத்கோ சொன்ன காரணம் இதற்கு நேர்மாறானது. பார்ப்பவரோடு நெருக்கம் வேண்டும் என்பதற்காகவே பெரிதாக வரைவதாகவும், சிறிய படத்துக்கு வெளியே நிற்கும் நாம் பெரிய படத்துக்கு உள்ளே இருக்கிறோம் என்றும் அவர் விளக்கினார். 1961இல் லண்டன் வொயிட்சேப்பல் கண்காட்சிக்காக அவர் அனுப்பிய குறிப்பிலும், பெரிய படங்களைத் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் மாட்டுவதே நல்லது என்று இருந்தது. படமும் நாமும் ஒரே தரையில் நிற்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

சென்ற வாரம் கோத்தகிரியில் நாங்கள் சிலர் கூடி, ஓரம் மங்கிய பெரிய வண்ணப் பரப்புகளாலேயே ஆன ராத்கோவின் படங்களை ப்ரொஜெக்டரில் போட்டுப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். "இதை என் பேத்தியே போட்டுடுவாளே" என்ற குரல் எதிர்பார்த்ததுதான். தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், "கொடநாடு வியூ பாயிண்ட்ல மிஸ்ட் ஏறும்போது இப்படித்தானே இருக்கும் சார்?" என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். கலை வரலாற்றாசிரியர் ராபர்ட் ரோசன்பிளம் 1961இல் எழுதிய கட்டுரையில் ராத்கோவையும் நியூமனையும் அவர்கள் தலைமுறையின் இன்னொரு ஓவியரான பொல்லாக்கையும், கடலையும் மலையையும் மூடுபனியையும் வரைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் டர்னர், ஃபிரீட்ரிஷ் ஆகியோரின் வழியில் வைத்துத்தான் பேசினார். அதைப் படிக்காமலே எங்கள் ஊர்க்காரர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆனாலும் எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். மிஸ்ட்டுக்குள் நடந்து போகலாம். பத்தடி போனால் ஒரு சில்வர் ஓக்கோ, தேயிலைப் புதரோ, எதிரே வரும் காட்டெருமையோ தென்படும். ராத்கோவின் முன்னால் நாம் போகக்கூடிய எல்லை துணி வரைக்கும்தான், அங்கே காத்திருப்பது வெறும் வண்ணப்பூச்சு. அந்தப் பூச்சைத்தான் நாம் பார்க்கத் தவறுகிறோம் என்பது என் கருத்து.

லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில், மங்கிய வெளிச்சத்தில் மாட்டப்பட்டிருந்த அவருடைய சீகிராம் ஓவியங்களை நான் பார்த்திருக்கிறேன். 1958இல் நியூயார்க்கின் சீகிராம் கட்டடத்திலிருந்த ஆடம்பர உணவகம் ஒன்றுக்காக வரையத் தொடங்கி, பிறகு தர மறுத்துவிட்ட தொகுப்பு அது. தூரத்திலிருந்து பார்த்தால் கருஞ்சிவப்பின் மேல் ஒரு கறுப்புச் சட்டம், அவ்வளவுதான். முதலில் எனக்கு எரிச்சலே வந்தது. கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் வரை நெருங்கி, இடப்புறமாக ஓரடி நகர்ந்தபோது, ஒரே கறுப்பு என்று எண்ணியதில் ஒரு பகுதி மட்டும் எண்ணெய் பூசியதுபோல் பளபளத்தது, பக்கத்துப் பகுதி ஒளியை விழுங்கிக்கொண்டு அப்படியே கிடந்தது. சட்டத்தின் ஓரத்தில் வண்ணம் நீர்த்து, அடியிலிருந்த சிவப்பு கசிந்து தெரிந்தது. எண்ணெய் வண்ணத்தோடு முட்டையும் பிசினும் கலந்து, மெல்லிய அடுக்குகளாக அவர் பூசியிருப்பதை ஓவியப் பராமரிப்பு வல்லுநர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். நாம் அசையும்போதுதான் இதெல்லாம் தெரியவரும். புகைப்படமோ ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நின்றுவிடுகிறது. ப்ரொஜெக்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒளியை உள்வாங்க வேண்டிய படத்தை அது ஒளியாகவே வீசுகிறது. எனவே அன்று கோத்தகிரியில் நாங்கள் கொண்டாடியதும் கேலி செய்ததும் ராத்கோவை அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தம் படங்களின் முன் அழுகிறவர்கள், அவற்றை வரையும்போது தமக்கு நேர்ந்த அதே சமய அனுபவத்தைப் பெறுகிறார்கள் என்று ராத்கோ 1957இல் சொன்னார். இந்தக் கூற்று பார்வையாளர்களுக்குக் கெடுதலே செய்திருக்கிறது. அழுகை வராதவர் தமக்கு ரசனை இல்லையென்று ஒதுங்கிக்கொள்கிறார், அல்லது வந்ததுபோல் காட்டிக்கொள்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. என் உயரம், நான் நிற்கும் இடம், என் கண்கள் இருட்டுக்குப் பழக எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவையெல்லாம் திடீரென்று எனக்குப் புலப்பட்டன. அதுவே போதுமான அனுபவம் என்று நினைக்கிறேன்.

அருங்காட்சியகங்கள் குறுக்கே கயிறு கட்டுவதையும் குறை சொல்ல முடியவில்லை. 1986இல் ஆம்ஸ்டர்டாமில் நியூமனின் ஒரு பெரிய சிவப்பு ஓவியத்தை ஒருவன் கத்தியால் கிழித்தான். 2012இல் சீகிராம் ஓவியங்களில் ஒன்றின் மூலையில் ஒருவன் மையால் எழுதிவிட்டுப் போக, அதைச் சீராக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஆனால் கயிறு ஆறடி தள்ளி இருந்தால், நியூமன் எதை வேண்டாம் என்றாரோ அதுவே கட்டாயமாகிவிடுகிறது.

லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் பிள்ளைகள் உங்களை இப்படியோர் அறைக்கு அழைத்துப் போனால், கூட்டமில்லாத வார நாளின் காலையாகப் பார்த்துப் போங்கள். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, காவலர் முறைக்காத அளவுக்கு நெருங்கி, இடமும் வலமும் மெல்ல நடந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த அறைக்குப் போய்விடலாம். டேட் மாடர்னில் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க நுழைவுக் கட்டணமும் கிடையாது.