"ஃப்ரீ தானே?"ன்னு கேட்ட நண்பனுக்கு

நேத்து ராத்திரி நம்ம ஸ்கூல் செட் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஸ்க்ரீன்ஷாட் போட மாட்டேன், பேரும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஒரு வரி காலையிலிருந்து என்னைப் பட்டறையில் உட்கார விடல. "ஜி.எச்.ல எல்லாம் ஃப்ரீ தானே, அப்புறம் எதுக்குடா கலெக்‌ஷன்? இலவசத்துக்குப் பழகிட்ட கூட்டம்."

கீழே மூணு கைதட்டு எமோஜி. அதுல ஒண்ணு, பத்தாவது வரைக்கும் என் டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிட்டவன்.

சரி, யாருக்காகப் பணம் கேட்டேன்னு திரும்பச் சொல்றேன். ஏற்காட்டில் ஒரு சின்னத் தோட்டம். அங்க கூலி வேலை பார்க்கிறவர், மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் சாத்தின ஏணி சறுக்கி விழுந்துட்டார். தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. 20 கொண்டை ஊசி வளைவையும் 108-ல் படுத்துக்கிட்டே இறங்கி வந்திருக்கார். நம்ம சேலம் ஜி.எச்.ல ஆபரேஷன் பண்ணி ராடு வெச்சாங்க. நல்லாவே பண்ணினாங்க. ஒத்த ரூபா வாங்கல. இதெல்லாம் முதல் மெசேஜிலேயே எழுதியிருந்தேன். படிச்சாத்தானே.

பணம் ஆஸ்பத்திரிக்கு இல்ல. 26 நாளா அவருக்கும் கூலி இல்ல, கூடவே இருக்கிற அவர் சம்சாரத்துக்கும் கூலி இல்ல. நான் பார்க்கப் போனப்போ அந்தம்மா எக்ஸ்ரே கவரைத் திருப்பிக் காட்டினாங்க. பின்பக்கம் பூரா பென்சில் கணக்கு. டீ, பிரெட், பெரியவங்களுக்கான டயப்பர், பையன் போனுக்கு ரீசார்ஜ். அந்த ரீசார்ஜை எழுதி, அடிச்சு, மறுபடி எழுதியிருந்தாங்க. "நாளைக்கு யாராச்சும் கணக்குக் கேட்டாக் காட்டணும்லங்கண்ணா."

கேட்டுட்டாங்கம்மா. நியூஜெர்சியிலிருந்து கேட்டுட்டாங்க.

இந்த "ஃப்ரீ"ங்கிற வார்த்தைக்கு வருவோம். அது ஃப்ரீ இல்ல. முன்கூட்டியே கட்டின காசு. "வரி கட்டுறது நாங்க, அனுபவிக்கிறது அவங்க"ன்னு சொல்லத் தயாரா இருப்பீங்க. அந்தம்மா அடிச்சு எழுதின ரீசார்ஜில் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கு. வருமான வரி மட்டும்தான் வரின்னு நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

பிரிட்டனில் 1948 ஜூலை 5-ல் தொடங்கின என்.எச்.எஸ்., அதாவது எல்லாருக்குமான அரசு மருத்துவ சேவை, வரிப் பணத்தில்தான் ஓடுது. கொண்டு வந்த அனைரின் பெவன், வேல்ஸில் ட்ரெடிகர்ங்கிற சுரங்க ஊர்க்காரர். அந்த ஊர்த் தொழிலாளிங்க அதுக்கு முன்னாடியே சம்பளத்திலிருந்து வாரா வாரம் சில்லறை போட்டுத் தங்களுக்குன்னு டாக்டர் வெச்சிருந்தாங்க. நம்ம சீட்டு மாதிரிதான். ஆனா ஏலத்தில் தள்ளி எடுக்கிறவனுக்கு இல்லாம, படுத்துட்டவனுக்கு விழுற சீட்டு. யாரும் அதை இலவசம்னு சொல்லல.

ஜெர்மனியின் தொழிலாளர் நோய்க் காப்பீடு, சான்சலர் பிஸ்மார்க் 1883-லேயே ஆரம்பிச்சது. அவர் ஒண்ணும் செங்கொடி பிடிச்சவர் இல்ல. இப்போ அதுக்குத் தொழிலாளி பாதி, முதலாளி பாதி கட்டுறாங்க. அங்க நோயில் படுத்துட்டா முதல் 6 வாரம் முதலாளி சம்பளம் தரணும், அதுக்கப்புறம் நோய்க் காப்பீட்டு நிதி தரும். வைத்தியச் செலவு மட்டுமில்ல, கூலியும். நான் குரூப்பில் கேட்டது இந்தக் கூலியைத்தான்!

"நம்ம நாட்டில் அப்படி எதுவும் இல்லையா?" இருக்கு. அதே 1948-ல் போட்ட சட்டத்தில் வந்த ஈ.எஸ்.ஐ., தொழிலாளர் காப்பீடு. நோயில் படுத்தா சம்பளத்தில் 70 சதவீதம், 91 நாள் வரைக்கும். ஆனா வேலை செய்யுற இடத்தில் 10 பேராவது இருக்கணும். என் கொலுசுப் பட்டறையில் நாலு பேர். அந்தத் தோட்டத்தில் ஆறு பேர். நாங்க எல்லாம் படுக்கவே கூடாது.

"காப்பீட்டு அட்டை இருக்கே?" இருக்கு. இதைச் சொன்னதும் கட்சிப் பதிவுன்னு ஒருத்தர் கிளம்புவார், அதனால வரிசையாவே சொல்லிடறேன். 2009-ல் கருணாநிதி, 2012-ல் ஜெயலலிதா, 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்து குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். மூணு பேருக்கும் நன்றி. அந்த அட்டை ஆபரேஷனுக்குக் கொடுக்கும். அரிசிக்குக் கொடுக்காது.

"கனடாவில் ஸ்கேனுக்கு மாசக்கணக்கில் காத்திருக்கணுமே?" ஆமா, உண்மைதான். அடுத்தது.

"ஜி.எச். நாறுது, நீயே உங்கப்பாவைத் தனியாருக்குத்தானே கொண்டு போனே?" இது குத்துச்சு. ஏன்னா கேட்டவனுக்கு அந்தக் கதை தெரியும்.

2016. ராத்திரி பத்தரை. அப்பா பட்டறையில் பற்றவைக்கிற ஊதுகுழாயைக் கீழே வெச்சுட்டு நெஞ்சைப் பிடிச்சார். வீட்டுப் பக்கத்தில் எது இருந்ததோ அங்க ஓடினோம். அந்த நேரத்தில் யார் யோசிக்கிறது? பிரீமியம் கட்டின இன்சூரன்ஸ் இருந்தது எங்ககிட்ட, இலவசம் இல்ல. கேஷ்லெஸ் அப்ரூவல் வரலை, அட்வான்ஸ் கட்டுங்கன்னு சொல்லிட்டாங்க. கவுன்ட்டரில் இருந்த பொண்ணு மேல தப்பு இல்ல, பாவம், கம்ப்யூட்டரைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தது. அம்மா பாத்ரூமுக்குப் போயிட்டு வந்தாங்க. கழுத்தில் மஞ்சக் கயிறு. தாலிக் கொடி கைக்குள்ள.

பணத்தைக் கட்டி முடிச்சு, அப்ரூவல் வந்தது மறுநாள் காலையில். அப்பா கண் முழிச்சதும் அம்மா கழுத்தைத்தான் பார்த்தார். ஒண்ணும் கேட்கல. வாழ்நாள் பூரா வெள்ளி உருக்கினவருக்குத் தங்கம் எங்க போச்சுன்னு தெரியாதா?

அந்த வாரம் 20,000 அனுப்பினவனும் நீதான். மறக்கல. அதனாலதான் இவ்வளவு வலிக்குது. அன்னிக்கு எங்கப்பா எந்தக் கூட்டம்டா?

அமெரிக்காவில் அவனவன் காசுல பார்த்துக்கிறான்னு எழுதியிருந்தே. எங்க பார்த்துக்கிறான்? கம்பெனி இன்சூரன்ஸ் ஒட்டிக்கிட்டதே ரெண்டாம் உலகப் போர்ல. 1942-ல் சம்பளம் ஏத்த அரசாங்கம் தடை போட்டுச்சு, ஆள் பிடிக்க முதலாளிங்க இன்சூரன்ஸைக் காட்டினாங்க. அந்தப் பழக்கம் இன்னும் போகல, அதனால வேலை போனா டாக்டரும் போயிடறார். முதியவங்களுக்கும் ஏழைகளுக்கும் 1965-ல் மெடிகேர், மெடிகெய்டுன்னு வந்ததே, அது யார் காசு? வரிதான். உங்க ஊர்த் தாத்தா வாங்கினா உரிமை, மலைக்காரர் வாங்கினா பழகிட்ட கூட்டம்.

2023-ல் உனக்கு வேலை போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் பண்ணி நீ என்கிட்ட கேட்டது... வேண்டாம். அதை இங்க எழுதல.

ஆனா ரூட் கேனலை எழுதலாம், அது ஊருக்கே தெரியும். ஒவ்வொரு டிசம்பரும் பல்லைக் காட்டச் சேலம் வர்றீங்க, மாஸ்டர் செக்கப் பண்ணிக்கிறீங்க, புளியோதரை கட்டிக்கிட்டு ஏற்காடு போய் லேடி சீட்டில் போட்டோ எடுக்கிறீங்க. போட்டோவுக்குப் பின்னாடி மிளகுக் கொடி தெரியும். வர்ற டிசம்பரும் வா. டாக்டர்கிட்ட டோக்கன் நானே போட்டு வைக்கிறேன்.

குரூப்பிலிருந்து நான் வெளியேறல. அட்மின் ரெண்டு தடவை கேட்டாச்சு.

திங்கட்கிழமை டிஸ்சார்ஜ். வாக்கர் வாங்கணும், மலை ஏற வண்டி வைக்கணும், இன்னும் 6,200 குறையுது. ஜிபே நம்பர் போன பதிவில் இருக்கு. எக்ஸ்ரே கவரைப் போட்டோ எடுத்துக் கமென்ட்டில் போடட்டுமான்னு அந்தம்மாகிட்ட கேட்டேன். "போடுங்கண்ணா, கூட்டல் மட்டும் ஒருதரம் பார்த்துருங்க"ன்னாங்க.

கூட்டிப் பார்த்தேன். 12 ரூபாய் குறைச்சுப் போட்டிருக்காங்க.