எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்

நெருங்கிய நண்பன் ஒருவனுக்குப் பல வருடங்களாக எச்.ஐ.வி. இருக்கிறது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டும் எதையும் சொல்லப்போவதில்லை. முதல் வரியைப் படித்ததுமே உங்களில் பலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும்: எப்படி வந்தது? அவன் என்னிடம் சொன்ன அன்று எனக்கும் அதுதான் முதலில் வாயில் வந்தது, கேட்டும்விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் பித்தப்பைக் கல்லுக்காக அவனுக்கு ஆபரேஷன். கூட நான்தான் இருந்தேன். காலையில் முதல் ஆளாகப் போக வேண்டியவனை, ஃபைலைப் படித்ததும் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். ஃபைலின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு சிவப்பு ஸ்டிக்கர். ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டிருந்தார். பட்டையைச் சுற்றி, காற்றடித்து, அளவைக் குறித்துக்கொண்டு, அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எப்படி வந்துச்சு?" என்றார். அவன் பதில் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாயங்காலம் வரை ஒரு போர்வை வேண்டுமென்றுகூட யாரையும் கூப்பிடவில்லை.

அந்த ஸ்டிக்கரால் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் கிடையாது. எந்த நோயாளியின் ரத்தத்தையும் தொற்று இருக்கக்கூடியது என்று நினைத்துத்தான் கையாள வேண்டும் என்பது 1980களிலேயே வந்த விதி, ஏனென்றால் பரிசோதனையே செய்துகொள்ளாத ஒருவர் அடுத்த கட்டிலில் படுத்திருக்கலாம். எச்.ஐ.வி. உள்ள ரத்தம் பட்ட ஊசி தவறிக் குத்திவிட்டால்கூடத் தொற்றும் வாய்ப்பு சராசரியாக 1,000க்கு 3தான். அப்படி நடந்தாலும் 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். இதெல்லாம் தெரிந்தவர்கள் வேலை பார்க்கும் இடத்தில்தான் இது நடந்தது.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். எப்படி வந்தது என்று தெரிந்து நாம் என்ன செய்யப்போகிறோம்? ஆளைத் தரம் பிரிக்கப்போகிறோம், வேறொன்றும் இல்லை. ரத்தம் ஏற்றியதில் வந்தது என்றால் "ஐயோ பாவம்". அம்மாவிடமிருந்து வந்தது என்றால் கண்கலங்குவோம். கணவனிடமிருந்து என்றால் "அவள் என்ன செய்வாள்" என்போம். உடலுறவு என்றோ போதை ஊசி என்றோ சொல்லிவிட்டால் அதோடு பேச்சு நின்றுவிடும். 'தவறான வழியில் வந்தது' என்று ஒரு வார்த்தையே வைத்திருக்கிறோம். வைரஸுக்கு ஏது நல்ல வழி, தவறான வழி?

இந்தப் பரிதாபம் யாரையாவது காப்பாற்றியதா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் ரயன் ஒயிட் என்று ஒரு பையன். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா அவனுக்கு, அதற்காக ஏற்றிக்கொண்ட மருந்து வழியாகத்தான் தொற்று வந்தது. 1984இல் எய்ட்ஸ் என்று தெரிந்தபோது வயது 13. யார் கணக்கில் பார்த்தாலும் 'அப்பாவி'. அப்படியும் 1985இல் பள்ளிக்கூடத்துக்குள் விட மறுத்தார்கள், வீட்டு ஜன்னலில் குண்டு பாய்ந்தது, குடும்பமே வேறு ஊருக்குப் போனது. 1990இல், 18 வயதில் இறந்துபோனான். பத்திரிகைகள் அவனை அப்பாவி என்று தனியாகப் பிரித்துப் பேசியபோதும், எனக்கு எப்படி வந்திருந்தாலும் எய்ட்ஸ் உள்ள மற்றவர்களைப் போல நானும் ஒருவன்தான் என்பானாம், அவன் அம்மா பின்னாளில் சொன்னது இது. அந்த வயதுப் பையனுக்குப் புரிந்தது நமக்கு இன்னும் புரியவில்லை.

நாம் மனதில் வைத்திருக்கும் 'உயிர்க்கொல்லி' பழைய கதை. 1996 வாக்கில் கூட்டு மருந்துகள் வந்தபோதே நிலைமை மாறத் தொடங்கிவிட்டது. இப்போது பலருக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. ஏ.ஆர்.டி. என்னும், வைரஸைக் கட்டுப்படுத்தும் இந்தக் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவாது. 2019இல் வெளியான பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்டத்தில் 782 ஆண் இணைகளைக் கவனித்தார்கள், இருவரில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி., அவர் மருந்தில் இருப்பவர். ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 முறை உறவு. இணையிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. உறவிலேயே பரவாதது கைகொடுத்தால் பரவுமா, அதே தம்ளரில் தண்ணீர் குடித்தால் பரவுமா? இவை மருந்து இல்லாத காலத்திலும் பரவாத வழிகள். ஆனாலும் அவன் வீட்டிலேயே அவனுக்குத் தனித் தம்ளர்தான்.

அவனோடு ஒருமுறை வெளியூரில் தங்கியிருந்தேன். அவன் பையில் ஒரு வைட்டமின் டப்பா, உள்ளே ஏ.ஆர்.டி. மாத்திரைகள், அவற்றின் மேல் அடைத்துவைத்த பஞ்சு. பஞ்சு எதற்கு என்றேன். பையை எடுக்கும்போது மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்டு யாராவது என்ன என்று கேட்டுவிடுவார்களாம். ஒரு கல்யாண வீட்டில் நான்கு நாள் எல்லோரோடும் ஒரே அறையில் தங்க நேர்ந்தபோது டப்பாவை வெளியே எடுக்க முடியாமல் நான்கு நாளும் சாப்பிடவில்லை என்றான். அப்படி அடிக்கடி விட்டுப்போனால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கே கட்டுப்படாமலும் போகலாம். நம் பேச்சுக்குப் பயந்து ஒரு மனிதன் தன் உயிர்மருந்தைத் தவறவிடுகிறான். பரிசோதனைக்கே போகாமல் இருப்பவர்களும் இந்தப் பயத்தில்தான் இருக்கிறார்கள். நோய் பரவக்கூடாது என்று உண்மையாகவே நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

"அப்போ நாங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். இருங்கள். ஆணுறை, சுத்தமான ஊசி, பரிசோதனை, தேவைப்படுவோருக்கு முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மாத்திரை. இவற்றில் எதற்குமே அடுத்தவன் கதை தெரிய வேண்டியதில்லை.

போன மாதம் அவனுடைய வைரல் லோடு ரிப்போர்ட், அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை முடிவு, வந்தது. கண்டறிய முடியவில்லை என்றிருந்தது. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். ரொம்ப சந்தோஷம்டா, வீட்டில் காட்டினாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "காட்டலை. உனக்கு மட்டும்தான் அனுப்பினேன். பார்த்துட்டு டெலீட் பண்ணிடு."