காவலாளியின் குறிப்பேட்டில் ஒரு கடிதம்

பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் அனூயின் 'ஆன்டிகனி' நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியருக்குப் பணிந்துபோன பிரான்ஸின் விஷி அரசுக்கு அது வக்காலத்து வாங்குகிறது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

1944 பிப்ரவரியில், ஆக்கிரமிப்பின் பிடியிலிருந்த பாரிஸில், அத்தெலியே அரங்கில் அது மேடையேறியது. 1922-இல் பிரெஞ்சு எழுத்தாளர் கொக்தோவின் ஆன்டிகனி, ஓவியர் பிக்காசோவின் அரங்க அமைப்போடும் ஆடை வடிவமைப்பாளர் ஷனேலின் உடைகளோடும் அரங்கேறியதும் அதே மேடையில்தான். கொக்தோ, பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் மூல நாடகத்தைச் சுருக்கி வேகப்படுத்தினார். அனூய் அடித்தளத்தையே அகற்றினார். கிரேக்க மூலத்தில், மன்னன் கிரேயோனின் தடையை மீறி அண்ணனை அடக்கம் செய்யும் ஆன்டிகனிக்குத் தெய்வங்களின் எழுதப்படாத சட்டம் துணை நிற்கிறது. அனூயின் ஆன்டிகனிக்கு அந்தத் துணை இல்லை. ஒருவரையொருவர் கொன்று மாண்ட அண்ணன்மார் இருவருமே அயோக்கியர்கள் என்றும், அடையாளம் தெரியாமல் சிதைந்து கிடந்த உடல்களில் சேதம் குறைந்ததை எடுத்து அரசு மரியாதை செய்ததாகவும், எந்த உடல் யாருடையது என்பது தனக்கே தெரியாது என்றும் கிரேயோன் சொல்லி முடிக்கும்போது, அவள் உயிரைக் கொடுக்கத் துணிந்த காரணமே இல்லாமல் போகிறது. தளர்ந்துபோய்த் தன் அறைக்குத் திரும்பவும் இசைந்துவிடுகிறாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் கிரேயோன் வென்றிருப்பான். ஆனால் அவன், தன் மகனும் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவனுமான ஹேமோனை மணந்துகொண்டு மகிழ்ச்சியாக இரு என்று புத்தி சொல்லத் தொடங்குகிறான். அந்த மகிழ்ச்சிக்காகத் தினமும் எதையெதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்ற கேள்வியே அவளை மீண்டும் நிமிர வைக்கிறது.

ஒழுங்குக்காக விட்டுக்கொடுக்கச் சொல்லும் கிரேயோனின் வாதம் வலுவானது, சில இடங்களில் மனத்தைக் கரைப்பதும்கூட. அதை மறுக்க மாட்டேன். ஆனால் நாடகத்தை அந்த வாதத்தை வைத்து மட்டும் எடைபோடுபவர்கள், அதன்பின் வரும் காவலாளியின் காட்சியைக் கவனிப்பதேயில்லை. சாகப்போகிறவளின் முன்னால் அவன் சம்பளத்தையும் பதவி உயர்வையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். பொன் மோதிரத்தை வாங்கிக்கொண்டு, அவள் கையெழுத்தில் கடிதம் இருந்தால் ஆபத்து என்பதால், அவள் சொல்லச் சொல்லத் தானே குறிப்பேட்டில் எழுதுகிறான். எதற்காகச் சாகிறேன் என்று இப்போது தெரியவில்லை என்று ஹேமோனுக்குச் சொல்லும் அவள், உடனே அந்த வரியை அடிக்கச் சொல்கிறாள். கடிதம் யாருக்கு என்று அவன் கேட்கும் நேரத்தில் கதவு திறந்துவிடுகிறது.

கிரேயோன் கட்டிக்காக்கும் ஒழுங்கு கீழ்மட்டத்தில் எப்படிப்பட்ட மனிதர்களை நம்பி நடக்கிறது என்பதை இந்தக் காட்சி ஈவிரக்கமில்லாமல் காட்டிவிடுகிறது. இதை அவசரமாகத் தாண்டிச் செல்லும் எந்தத் தயாரிப்பிலும் கிரேயோன்தான் வென்றவனாகத் தெரிவான். அந்தப் பழியை அனூயின் மீது போடுவது நியாயமில்லை.