ஓஎம்ஆருக்கு இன்னொரு லேன் வேண்டாம், பின்னால் ஒரு தெரு வேண்டும்

மெட்ரோ வேலை முடிந்து தடுப்புகளை எடுத்துவிட்டால் சென்னையின் ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், நெரிசல் சரியாகிவிடும் என்று எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாராவது எழுதுகிறார்கள். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரைக்கும் ஒரே மேம்பாலமாகக் கட்டிவிட்டால் தொல்லை தீரும் என்பது இன்னும் சிலர் கட்சி. இரண்டும் நடந்தாலும் காரப்பாக்கத்திலும் துரைப்பாக்கத்திலும் காலை எட்டரை மணி இப்படியேதான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் 2000-ல் திறந்தது. அதன் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையை மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு ஆறுவழியாக்கி, 2008-ல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள். அப்போது அது தமிழ்நாட்டின் நல்ல சாலைகளில் ஒன்று, அதில் சந்தேகமே இல்லை. சுங்கம் கட்டித்தான் போனோம். 2021 ஆகஸ்டில் நான்கு சுங்கச்சாவடிகளில் வசூலை நிறுத்தினார்கள். ஐடி கம்பெனிகளுக்கு ஆட்கள் வேகமாகப் போய்வர வேண்டும் என்பதற்காகப் போட்ட சாலை அது.

ஆனால் அகலமான சாலை வந்ததும் அதன் ஓரத்து நிலத்தின் தலையெழுத்தும் மாறிவிடுகிறது. நம் கட்டட விதிகளில் எவ்வளவு கட்டலாம் என்பதைச் சாலையின் அகலம்தான் தீர்மானிக்கிறது. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18 மீட்டரோ அதற்கு மேலோ அகலமான சாலையை ஒட்டி இருந்தால் உயரமான கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது நிலத்தைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு, 3.25 கிடைக்கும். பிரீமியம் என்ற கூடுதல் கட்டணம் கட்டினால் அதற்கு மேல் இன்னொரு 50 சதவீதம். அப்படிப்பட்ட மனையில் ஒவ்வொரு கிரவுண்டுக்கும், அதாவது 2,400 சதுர அடிக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,800 சதுர அடி கட்டலாம், பிரீமியத்தோடு 11,700. இதில் தப்பில்லை. பெரிய சாலைக்குப் பக்கத்தில் நிறைய பேர் வாழ்வதும் வேலை பார்ப்பதும் நகரத்துக்கு நல்லதுதான். ஆனால் அத்தனை பேரும் வீட்டை விட்டு வெளியே வந்தால் எந்த வழியாகப் போவார்கள் என்ற கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. எல்லோரும் அந்த ஒரே சாலைக்குத்தான் வருகிறார்கள்.

பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி எல்லாம் 2011 வரைக்கும் மாநகராட்சிக்கு வெளியே இருந்த ஊர்கள். நாவலூரும் தாழம்பூரும் இன்றைக்கும் ஊராட்சிகள்தான். உள்ளே இருப்பவை பழைய கிராமத்துத் தெருக்களும், வயலை மனை போட்டு விற்றவர்கள் அவரவர் நிலத்துக்கு மட்டும் போட்ட தெருக்களும். ஒருவர் போட்ட தெரு பக்கத்து நிலத்தின் எல்லையில் நின்றுவிடும். அந்த நிலத்தில் பிறகு அபார்ட்மெண்ட் வந்தால் அங்கே ஒரு காம்பவுண்டு சுவர் எழும்பும், அதன் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பார்கள்.

எங்கள் தெருக்கோடியில் அப்படி ஒரு சுவர் இருக்கிறது. மாடியில் நின்றால் சுவருக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் கரி போடுவது தெரியும், பக்கத்தில் மருந்துக்கடையின் பச்சைப் பலகையும் தெரியும். அந்தக் கடையில் ஒரு பாராசிட்டமால் வாங்க வேண்டுமென்றால் தெருவை விட்டு வெளியே வந்து, ஓஎம்ஆரில் ஏறி, யூ டர்ன் வரைக்கும் போய்த் திரும்பி, மறுபடி இன்னொரு தெருவுக்குள் நுழைய வேண்டும். நடந்து போகலாம் என்றால் சர்வீஸ் ரோட்டில் பாதி இடம் தண்ணி லாரிக்கும் மீதி இடம் டெலிவரி பைக்குகளுக்கும். அதனால் இருநூறு அடி தூரத்துக்கும் வண்டியை எடுக்கிறோம். பள்ளிக்கூடம், காய்கறி, டியூஷன், ஏடிஎம் எல்லாவற்றுக்கும் இதே கதை. சிறுசேரி வரை போக வேண்டியவருக்கான லேனில், மருந்துக்கடைக்குப் போகிறவர் யூ டர்னுக்காக வலது பக்கம் ஒதுங்குகிறார். சாலையை எட்டு வழியாக்கினாலும் இந்த ஆள் அங்கேதான் நிற்பார்.

அண்ணா நகரை ஒருமுறை மேப்பில் பாருங்கள். 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய நகர் அது. அவென்யூக்கள், அவற்றை வெட்டும் குறுக்குச் சாலைகள், அவற்றுக்குள் தெருக்கள். இரண்டாவது அவென்யூவில் நெரிசல் என்றால் ஆட்டோக்காரர் உங்களைக் கேட்காமலே இடது பக்கம் திரும்பி வேறு வழியில் கொண்டுபோய் விடுவார். அங்கேயும் நெரிசல் உண்டு, ஆனால் ஒரு வண்டி பிரேக் டவுன் ஆனதற்காக ஊர் முழுக்க நிற்பதில்லை. ஓஎம்ஆரில் ஒரு லாரி ஆக்சில் உடைந்து நின்றால் அவ்வளவுதான், பின்னால் இருப்பவருக்குத் திரும்பிப் போகவும் வழி கிடையாது.

இங்கே இயற்கையும் இடத்தை இறுக்கித்தான் வைத்திருக்கிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம். கால்வாயைத் தாண்டி ஈசிஆருக்கு, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போக, சோழிங்கநல்லூர் – அக்கரை சாலையை விட்டால் தெற்கே பெரிய இணைப்பு என்று சொல்லக்கூடியது கேளம்பாக்கம் – கோவளம் சாலைதான். நடுவில் இத்தனை கிலோமீட்டருக்கு, பஸ் போகிற அகலத்தில் இன்னும் சில பாலங்கள் வந்தாலே ஓஎம்ஆர் பாரம் குறையும். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: இணைப்பு வேண்டும் என்பதற்காகச் சதுப்புநிலத்துக்குள் சாலை போடச் சொல்லவில்லை. பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி சாலை ஏற்கெனவே அதைக் கிழித்துக்கொண்டுதான் போகிறது. 2022-ல் சுமார் 1,250 ஹெக்டேருக்கு, சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து கிடைத்திருக்கிறது. அங்கே தேங்கும் வெள்ளம் ஒக்கியம் மடு என்ற நீர்வழியாக ஓஎம்ஆருக்கு அடியில் புகுந்து கால்வாய்க்குப் போக வேண்டும். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வடியாமல் நாள்கணக்கில் கிடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஒரு சதுர அடிகூட எடுக்கக் கூடாது. நான் கேட்பது ஏற்கெனவே வீடுகள் வந்துவிட்ட இடத்தில், சுவருக்கும் சுவருக்கும் நடுவில் வழி.

இதில் அதிகம் கஷ்டப்படுவது கார் வைத்திருப்பவர்கள் இல்லை. ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். அவர்களில் பல பெண்கள் இந்த அபார்ட்மெண்டுகளில்தான் வீட்டு வேலை செய்கிறார்கள். ஷேர் ஆட்டோவுக்குப் பத்து இருபது ரூபாய் கொடுக்க வேண்டாம் என்று நடந்து வருகிறார்கள். நடைபாதை இல்லாத சாலையில், மெட்ரோ தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவில். எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா மழை நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். உள்வழி ஒன்று இருந்தால் அவருக்கு நடை பாதியாகக் குறையும்.

மெட்ரோ வந்தால் எல்லாம் மாறும் என்கிறார்கள். மாற வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். மாதவரம் – சிறுசேரி வழித்தடமும் மாதவரம் – சோழிங்கநல்லூர் வழித்தடமும் சோழிங்கநல்லூரில் சந்திக்கப்போகின்றன. இவ்வளவு பெரிய செலவு வீண் போகக் கூடாது. ஆனால் ஸ்டேஷன் நானூறு மீட்டர் தூரத்தில் இருந்தும் சுவரைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றால் யார் மெட்ரோவில் போவார்கள்? பைக்கைத்தான் எடுப்பார்கள்.

அரசால் என்ன செய்ய முடியும்? ஈசிஆரைத் திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை அகலப்படுத்த நிலம் எடுப்பது எத்தனை வருஷம் இழுத்தது என்று பார்த்திருக்கிறோம். கட்டிய பிறகு நிலம் கேட்டால் அப்படித்தான் ஆகும். கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையென்றால் திறந்தவெளிக்காக 10 சதவீதத்தைத் தானமாக எழுதி வாங்குகிறோம் அல்லவா? அதேபோல, பெரிய மனைக்கு அனுமதி கொடுக்கும்போதே ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகிற பொதுத்தெருவையும் எழுதி வாங்கட்டும். சாலை அகலத்தைக் காட்டி எஃப்எஸ்ஐ வாங்குகிறவர் சாலைக்கு ஒரு தெரு கொடுப்பது நியாயம்தான். இன்னும் காலியாகக் கிடக்கும் தாழம்பூர், படூர் பக்கத்து நிலங்களில், அகமதாபாத்தில் பல காலமாகச் செய்வது போல, எல்லோர் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, முதலில் தெருக்களுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சீரான மனைகளாகத் திருப்பித் தரலாம். தமிழ்நாட்டிலும் இதற்குச் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். நாவலூருக்குத் தெற்கே நிலம் முழுசாகச் சுவருக்குள் போவதற்கு முன்னால் செய்தாக வேண்டும்.

ஏற்கெனவே சுவர் எழுப்பிய அசோசியேஷன்களிடம் பேசினால் பாதுகாப்பு என்கிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை, எங்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். கார் போக வேண்டாம், ஆறடிக்கு ஒரு நடைவழி விடுங்கள், விளக்கும் கேமராவும் போடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு வேண்டுமானால் பூட்டிக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டம் இருக்கிற பாதை சுவர் முட்டிய சந்தைவிடப் பத்திரமானது.

சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், நகரம் எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. வரைவு வெளியானதும் ஆட்சேபம், ஆலோசனை சொல்ல நமக்கு வாய்ப்பு இருக்கிறது. நான் எங்கள் தெருவிலும் பக்கத்து ஐந்தாறு தெருக்களிலும் எங்கெங்கே முட்டுச்சுவர் இருக்கிறது, அதைத் திறந்தால் எந்த ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம் குறையும் என்று மேப்பில் குறிக்க ஆரம்பித்திருக்கிறேன். பெருங்குடியிலிருந்து கேளம்பாக்கம் வரை இருப்பவர்கள் உங்கள் தெருவின் முட்டுச்சுவரைப் போட்டோ எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு கமெண்டில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மேப்பாகச் சேர்த்து, வார்டு கவுன்சிலர்களுக்கும் சிஎம்டிஏவுக்கும் மனுவாகக் கொடுப்போம்.