குறையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதம்

“எனக்கு எல்லாமே பெர்ஃபெக்டாக இருக்க வேண்டும்” என்று சொல்கிறவர்களைக் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறோம். பொறுப்பானவர், சிரத்தையானவர் என்று நினைக்கிறோம். எனக்கு அவர்களைப் பார்த்தால் கவலைதான் வருகிறது. ஒரு வேலையை முடித்துவிட்டு நிறைவோடு எழுந்திருக்க அவர்களால் முடிவதில்லை.

கவனமாக வேலை செய்வதை நான் குறை சொல்லவில்லை. மருந்தின் அளவைப் பார்க்கும் நர்ஸ், விமான எஞ்சினைச் சோதிக்கும் மெக்கானிக் போன்றவர்களின் வேலையில் ‘பரவாயில்லை, விடு’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. இதையெல்லாம் பார்க்க வேண்டும், பார்த்தாயிற்றா, கையெழுத்துப் போடு, அடுத்த வேலைக்குப் போ. அங்கே கவனத்துக்கு ஓர் எல்லை உண்டு. குறையே கூடாது என்று தவிப்பவருக்கு அந்த எல்லைதான் கிடையாது. அனுப்ப வேண்டிய கடிதத்தை எட்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பார். அல்லது சரியாக வராதோ என்ற பயத்தில் எழுதவே ஆரம்பித்திருக்க மாட்டார். பார்க்கிறவர்கள் அதைச் சோம்பல் என்பார்கள், பாவம்.

ராஸ் ஷஃப்ரான், ஸாஃப்ரா கூப்பர், கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2002-இல் இந்த மனநிலையை விவரித்தது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. வைத்த இலக்கை எட்டினால்தான் தனக்கு மதிப்பு என்று ஒருவர் நம்ப ஆரம்பிப்பதுதான் இதன் வேர். எட்டாவிட்டால் தன்னையே திட்டிக்கொள்வார். எட்டிவிட்டால்? ‘அப்படியானால் இது அவ்வளவு கஷ்டமில்லை போல’ என்று இலக்கை இன்னும் மேலே தூக்கி வைத்துக்கொள்வார். தோற்றாலும் வருத்தம், ஜெயித்தாலும் வெறுமை. இவ்வளவு உழைக்கிற மனிதருக்கு ஒரு நாள்கூடச் சந்தோஷம் கூலியாகக் கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கனடாவைச் சேர்ந்த பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் இருவரும் 1991-இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது, உலகம் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறது என்று நம்புவது. தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் 1989 முதல் 2016 வரை இந்த மூன்றையும் அளக்கும் கேள்வித்தாளுக்குப் பதில் சொன்ன 41 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றுமே கூடியிருந்தன. அதிகமாகக் கூடியது மூன்றாவது வகை, சுமார் 33 சதவீதம். பிள்ளைகள் ஒரு பார்வையாளர் கூட்டத்தை மனதுக்குள் உட்கார வைத்துக்கொண்டு வளர்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது வகையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதே இல்லை. அது வீட்டுக்குள் நடப்பது. குழந்தை ஒரு படம் வரைந்து ஓடி வந்து காட்டுகிறது. “நல்லா இருக்கு, ஆனா இந்தக் கோடு மட்டும் கோணலா இருக்கே” என்கிறோம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். குழந்தையின் காதில் விழுவது அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவது மட்டும்தான். இப்படியே போனால் ஒரு கட்டத்தில் அது காட்டுவதை நிறுத்திவிடும், அப்புறம் வரைவதையும் நிறுத்திவிடும். கணவன் மனைவிக்குள்ளும் இதேதான். மடித்து வைத்த துணியை ஒருவர் பிரித்துத் திரும்ப மடித்தால் மற்றவர் அடுத்த முறை ஏன் மடிக்கப் போகிறார்? எல்லா வேலையும் தன் தலையிலேயே விழுகிறது என்று பிறகு புலம்புவதும் அதே ஆள்தான்.

பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1953-இல் எழுதியதை எல்லாப் பெற்றோரிடமும் சொல்ல ஆசை. குழந்தைக்குத் தேவை குறையே இல்லாத தாய் அல்ல, போதுமான அளவு நல்ல தாய் என்றார் அவர். முதலில் குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுமையாக ஈடுகொடுக்கும் தாய், அது வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குகிறாள். அந்தச் சிறு ஏமாற்றங்களைத் தாங்கித்தான் குழந்தை வெளி உலகத்தைப் பழகிக்கொள்கிறது. ‘நான் நல்ல அம்மாதானா’ என்று ராத்திரி தூங்காமல் கிடக்கிற பெண்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி எனக்குத் தெரியாது.

சரி, இதிலிருந்து எப்படி வெளியே வருவது? ‘நாளையிலிருந்து நான் மாறிவிடுவேன்’ என்ற சபதம் உதவாது. அதையும் குறையில்லாமல் நிறைவேற்றத்தானே மனம் பார்க்கும்! எனக்குப் பிடித்த வழி, எங்கே நிறுத்துவது என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1950களிலேயே இந்த யோசனைக்கு வடிவம் கொடுத்துவிட்டார். இருப்பதிலேயே சிறந்தது எது என்று தேடிக்கொண்டே இருக்காமல், நமக்கு இது இது வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்து, அதைத் தொடுகிற முதல் வாய்ப்பை ஏற்றுக்கொள்வது. 2006-இல் வேலை தேடும் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், மிகச் சிறந்ததையே தேடியவர்களுக்கு 20 சதவீதம் கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைத்தது. ஆனால் திருப்தி அவர்களுக்குத்தான் குறைவு. சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். தேடும்போதே நிம்மதியையும் சேர்த்துச் செலவழித்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்னதெல்லாம் எல்லோருக்கும் போதாது. தூக்கம் போய், சாப்பாடு போய், தன்னையே வெறுக்கும் அளவுக்கு இது ஆளைப் பிடித்துவிடுவதும் உண்டு. அவர்களிடம் ‘கொஞ்சம் ரிலாக்ஸாக இரு’ என்று சொல்வது எந்தப் பலனும் தராது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் (CBT) இதற்கென்றே முறைகள் இருக்கின்றன. வேண்டுமென்றே ஒரு சிறு பிழையோடு ஒரு மின்னஞ்சலை அனுப்பச் சொல்வார்கள். பயந்த மாதிரி ஏதாவது நடந்ததா என்று அடுத்த முறை உட்கார்ந்து பேசுவார்கள். இப்படித்தான் மெதுவாகத் தொடங்கும். உங்கள் வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால் தயவுசெய்து ஓர் உளவியல் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். தனியாகப் போகத் தயங்கினால் முதல் நாள் நீங்களும் கூட உட்காருங்கள்.